நிலநடுக்கமும் நலிந்த தரைத்தளமும்

முன்னுரை

பொறுமைக்கு நிலத்தை உவமை கூறுவது தமிழ் மரபு. வெட்டினாலும் குழி பறித்தாலும் வாய் திறவாது நம்மைச் சுமந்து நிற்பது நிலம். அந்நிலமும் ஒருநாள் நிலைகுலையும் என்பதை மனிதன் மறந்துவிடக் கூடாது என்பதற்காகவே போலும், திருக்குர்ஆனின் 99ஆம் அத்தியாயம் 'ஸில்ஸால்', அதாவது நில அதிர்ச்சி என்னும் பெயரையே தாங்கி நிற்கிறது. எட்டே வசனங்களைக் கொண்ட அவ்வத்தியாயம் மறுமை நாளை நினைவூட்டுவது. இம்மையில் நாம் காணும் நிலநடுக்கங்களோ வேறொன்றையும் நினைவூட்டுகின்றன. அது நாம் கட்டிய கட்டடங்களின் தரமாகும்.

வெட்டவெளியில் நிற்பவனை நிலநடுக்கம் பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. அவன் தடுமாறி விழுவான், பின் எழுந்துகொள்வான். உயிர்களைப் பறிப்பவை பெரும்பாலும் இடிந்து விழும் கட்டடங்களே. அவற்றுள்ளும் ஒருவகைக் கட்டடம் நாடுதோறும் ஒரே முறையில், ஒரே இடத்தில் முறிந்து விழுந்திருக்கிறது. மேலே பல மாடிகளில் குடியிருப்புகளும், கீழே சுவரின்றித் தூண்கள் மட்டும் நிற்கும் திறந்த தரைத்தளமும் உடைய அடுக்குமாடி வீடுகளே அவை. தரைத்தளத்தில் ஊர்திகள் நிற்கும். அல்லது கண்ணாடி முகப்புடைய கடைகள் இருக்கும். இத்தகைய கட்டடங்கள் ஏன் விழுகின்றன, விழாமல் காக்க வழியுண்டா என்பதை எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அகமதாபாத் கண்ட காலை

2001ஆம் ஆண்டு ஜனவரி 26, வெள்ளிக்கிழமை. நாடு குடியரசு நாளைக் கொண்டாடிக்கொண்டிருந்த வேளை. காலை 8.46 மணிக்குக் குஜராத் மாநிலத்தின் கட்ச் பகுதியில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. அதன் அளவு 7.7. புஜ், பச்சாவ், அஞ்சார் ஆகிய ஊர்கள் உருக்குலைந்தன. அரசுக் கணக்கின்படியே 13,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கட்சில் இடிந்தவற்றுள் மிகப் பல, கல்லையும் மண்ணையும் கொண்டு எழுப்பிய பழைய வீடுகள். அவை அதிர்வின் மையத்தை ஒட்டி இருந்தவை. ஆகவே அவற்றின் வீழ்ச்சி துயரம் தந்தது; வியப்புத் தரவில்லை.

வியப்பளித்தது அகமதாபாத். மையத்திலிருந்து ஏறத்தாழ 225 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அப்பெருநகரில், வலுவூட்டிய காங்கிரீட்டால் புதிதாகக் கட்டப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட அடுக்குமாடிக் கட்டடங்கள் விழுந்தன. அந்நகரில் மட்டும் 700க்கும் மேற்பட்டோர் மாண்டனர். விழுந்தவற்றுள் நான்கு மாடிக் கட்டடங்களும் இருந்தன. பத்து மாடிக் கட்டடங்களும் இருந்தன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றுக்கு ஓர் ஒற்றுமை இருந்தது. அவற்றின் தரைத்தளம் ஊர்திகள் நிறுத்துவதற்காகத் திறந்து விடப்பட்டிருந்தது.

அத்தனை தொலைவிலிருந்து அதிர்வு எவ்வாறு வந்து தாக்கியது என்று வினவலாம். விரைந்து துடிக்கும் அலைகள் தொலைவு செல்லச் செல்ல அடங்கிவிடுகின்றன. மெல்ல அசைக்கும் நீண்ட அலைகளோ நெடுந்தூரம் செல்ல வல்லவை. அகமதாபாத் நகரம் சபர்மதி ஆறு கொணர்ந்து சேர்த்த ஆழமான வண்டல் மண்ணின்மேல் அமைந்தது. தட்டில் வைத்த கூழ், தட்டைக் காட்டிலும் மிகுதியாகக் குலுங்குவதைப் போன்று, இளகிய மண்படுகை தனக்கு வந்துசேரும் நீண்ட அலைகளைப் பெருக்கிவிடுகிறது. உயரமான கட்டடங்களின் இயல்பான அசைவும் அதே கதியில் அமையுமாயின் ஆட்டம் பன்மடங்காகும். இது ஒரு காரணம். ஆயினும் அதே மண்ணின்மேல், அதே தெருவில், அதே உயரமுள்ள வேறு கட்டடங்கள் நின்றன. எனவே முழுக் காரணத்தையும் மண்ணின்மீது சுமத்திவிட முடியாது.

கட்டடம் ஏன் ஆடுகிறது?

நின்றுகொண்டிருக்கும் பேருந்து திடீரெனப் புறப்படும்போது, உள்ளே நிற்பவர் பின்னோக்கிச் சாய்வதை அனைவரும் அறிவோம். கால் பேருந்தோடு நகர்கிறது. உடல் இருந்த இடத்திலேயே இருக்க முயல்கிறது. கட்டடத்தின் நிலையும் இதுவேயாகும். நிலம் பக்கவாட்டில் நகரும்போது அடித்தளம் அதனோடு நகர்கிறது. மேலுள்ள தளங்கள் தம் எடையால் பின்தங்குகின்றன. இந்தப் பின்தங்கலே தூண்களைப் பக்கவாட்டில் தள்ளும் விசையாக மாறுகிறது. எடை கூடக்கூட இவ்விசையும் கூடும்.

ஐந்து தளங்கள் உள்ள கட்டடத்தில், உச்சித் தளத்தின் தூண்கள் தமக்கு மேலுள்ள ஒரு கூரையின் விசையை மட்டும் தாங்கினால் போதும். அதற்குக் கீழுள்ளவை இரு தளங்களின் விசையைத் தாங்க வேண்டும். இவ்வாறு படிப்படியாகக் கூடிவந்து, தரைத்தளத் தூண்களுக்கு மேலுள்ள அனைத்துத் தளங்களின் விசையும் ஒருங்கே வந்துசேர்கிறது. ஆகவே எந்தக் கட்டடத்திலும் மிகுந்த வலிமை வேண்டிய இடம் தரைத்தளமேயாகும். நாமோ மேலே சுவர்களை நிறைத்துவிட்டு, மிகுந்த பளு வரும் இடத்தை வெறுமையாக விடுகிறோம்.

மேலே பெட்டி, கீழே கால்கள்

மேல்மாடிகளில் தூண்களுக்கும் உத்திரங்களுக்கும் இடையே செங்கற்சுவர்கள் எழுப்பப்படுகின்றன. படுக்கையறை, சமையலறை, குளியலறை என ஒவ்வொரு வீட்டிலும் குறுக்கும் நெடுக்குமாகப் பல சுவர்கள். இச்சுவர்கள் தூண்களைப் பக்கவாட்டில் வளையவிடாமல் இறுகப் பிடித்துக்கொள்கின்றன. இதனால் மேல்மாடிகள் அனைத்தும் சேர்ந்து ஒரே பெட்டியைப் போன்று விறைத்து நிற்கின்றன. கீழே சுவர்கள் இல்லை. தூண்கள் மட்டுமே உள்ளன. ஆகவே தரைத்தளம் மற்றத் தளங்களைவிடப் பன்மடங்கு நெகிழ்ந்து கொடுக்கிறது. பொறியியலார் இதனை 'மென்தளம்' என்னும் பொருள்பட வழங்குவர். மென்மை என்பது இங்கே பாராட்டன்று.

ஒரு சிறு கணக்கால் இதனை விளக்கலாம். ஐந்து தளக் கட்டடம் ஒன்றின் உச்சி, நிலநடுக்கத்தின்போது 10 சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகர்வதாகக் கொள்வோம். எல்லாத் தளங்களும் ஒரே விறைப்புடையனவாயின், இந்நகர்வைத் தளத்துக்கு ஏறக்குறைய 2 சென்டிமீட்டராகப் பங்கிட்டுக்கொள்ளும். மூன்று மீட்டர் உயரத் தூணுக்கு 2 சென்டிமீட்டர் சாய்வு தாங்கத்தக்கதே. மேலுள்ள நான்கு தளங்களும் விறைத்த பெட்டியாகிவிடும்போது அவை எதனையும் பங்கிட்டுக்கொள்வதில்லை. ஏறத்தாழ 10 சென்டிமீட்டரும் தரைத்தளத் தூண்களின் தலையிலேயே விழுகிறது. ஊரார் அனைவரும் சேர்ந்து சுமக்க வேண்டிய பளுவை ஒருவன் தலையில் ஏற்றிய கதையாகிறது.

அவ்வளவு வளைவைத் தாங்கவியலாத தூண்கள் தலையிலும் அடியிலும் முறிகின்றன. ஒரு தளத்தின் தூண்கள் அனைத்தும் இரு முனையிலும் முறிந்துவிட்டால், அத்தளம் கீல் போட்ட சட்டத்தைப் போன்று மடங்கிவிடும். சாயத் தொடங்கிய பின் மேலுள்ள எடையே அதனை மேலும் சாய்க்கிறது. சில நொடிகளில் தரைத்தளம் மறைந்துபோகிறது. பல இடங்களில் மேல்மாடிகள் ஏறக்குறைய முழு வடிவில் அப்படியே தரையில் அமர்ந்திருந்ததைப் படங்களில் காணலாம். முன்பு முதல் மாடியாக இருந்த பலகணி தெருவோடு ஒட்டி நிற்கும். ஊர்திகள் அதனடியில் நசுங்கிக் கிடக்கும்.

நம் உழவர் தினைப்புனத்திலும் சோளக் கொல்லையிலும் காவலுக்காகப் பரண் அமைப்பதுண்டு. பரணும் கால்களின்மேல் நிற்பதே. ஆயினும் கால்களை மட்டும் நட்டுவிட்டு உழவன் அதன்மேல் ஏறிவிடுவதில்லை. கால்களுக்கிடையே சாய்வாகக் குறுக்குக் கழிகளை வைத்துக் கட்டி, ஆட்டிப் பார்த்த பின்னரே ஏறுவான். அக்குறுக்குக் கழி செய்யும் வேலையைத்தான் மேல்மாடிகளில் செங்கற்சுவர் செய்கிறது. கீழ்த்தளத்தில் அவ்வேலையைச் செய்ய எதுவும் இல்லை.

கணக்கில் வராத சுவர்

இங்கே ஓர் ஐயம் எழுவது இயல்பு. கட்டடத்தை வடிவமைத்த பொறியியலாருக்கு இது தெரியாதா? தூண்களின் அளவைக் கணக்கிட்டுத்தானே கட்டினார்கள்?

கணக்கிட்டார்கள் என்பது உண்மை. ஆயினும் நெடுங்கால வழக்கப்படி அக்கணக்கில் தூண்களும் உத்திரங்களும் மட்டுமே இடம்பெற்றன. செங்கற்சுவர் வெறும் தடுப்பு என்றும், அதன் எடையை மட்டும் கணக்கில் கொண்டால் போதுமென்றும் கருதினர். அவ்வாறு கணக்கிட்டால், தாளில் வரைந்த கட்டடத்தில் எல்லாத் தளங்களும் ஒன்றுபோலவே தோன்றும். தரைத்தளம் வேறு, மேல்தளம் வேறு என்ற எண்ணமே எழாது. நிலம் அதிர்ந்தபோதோ, சுவர்கள் தாம் வெறும் தடுப்பு என்பதை மறந்து, தூண்களோடு சேர்ந்து விசையை எதிர்த்தன. தாளில் இருந்த கட்டடம் ஒன்று. தெருவில் நின்ற கட்டடம் வேறொன்று. கணக்கில் வராத சுவரே, எந்தத் தளம் விழ வேண்டும் என்பதை முடிவு செய்தது.

அகமதாபாத்தில் இதனோடு வேறு குறைகளும் சேர்ந்தன. தரைத்தளத்தைவிட மேல்மாடிகள் வெளியே நீட்டிக் கட்டப்பட்டன. அந்நீட்சியின் முனையில் எழுந்த தூண்கள் தரைவரை இறங்காமல் உத்திரத்தின்மேல் தொங்கி நின்றன. மின்தூக்கிக்கான காங்கிரீட் சுவர்கள் கட்டடத்தோடு உரியவாறு பிணைக்கப்படவில்லை. பல தூண்கள், சுவரின் தடிமனுக்குள் மறைந்துவிட வேண்டுமென்பதற்காக ஒரு பக்கம் ஒன்பது அங்குல அளவிலேயே அமைந்தன. அறையின் மூலையில் தூண் துருத்திக்கொண்டிருப்பதை வீடு வாங்குவோர் விரும்பாமையே இதற்குக் காரணம்.

ஒரு பழைய எண்ணமும் அதன் தோல்வியும்

தரைத்தளம் நெகிழ்ந்து கொடுப்பது நன்மையே என்று ஒருகாலத்தில் அறிஞர் சிலர் எண்ணியதும் உண்டு. 1930ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் அமெரிக்கப் பொறியியலார் சிலர் இவ்வாறு கருதினர்: கீழ்த்தளம் வளைந்து கொடுத்தால், அதிர்வு மேலே ஏறாது, மேல்மாடிகள் அமைதியாக இருக்கும். கருத்தளவில் இதில் ஓர் உண்மை உண்டு. மேல்மாடிகள் அமைதியாக இருந்ததும் உண்மையே. ஆனால் அவ்வளவு வளைவையும் தாங்கிப் பின் நிமிரத்தக்க தூணை எவரும் அமைக்கவில்லை.

1971 பிப்ரவரி 9 அன்று கலிபோர்னியாவின் சான் பெர்னாண்டோ பகுதியில் நிகழ்ந்த நிலநடுக்கம் இவ்வெண்ணத்தைச் சோதித்தது. அங்கே ஆலிவ் வியூ என்னும் பெரிய மருத்துவமனை திறக்கப்பட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. மேல்தளங்களில் காங்கிரீட் சுவர்கள் இருந்தன. கீழ்த்தளம் தூண்களை நம்பி நின்றது. அதிர்வு ஓய்ந்தபோது கட்டடம் முழுமையும் கீழ்த்தளத்தில் ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது. புத்தம் புதிய அக்கட்டடத்தை இடிக்க வேண்டியதாயிற்று.

அச்சாய்ந்த கட்டடம் மற்றொரு பாடத்தையும் விட்டுச்சென்றது. அதன் தூண்களுள் ஒருசாராவற்றில் நெடுக்குக் கம்பிகளைச் சுற்றி நெருக்கமான திருகுசுருள் கம்பி சுற்றப்பட்டிருந்தது. அவை மிகவும் வளைந்தபோதும் பளுவைக் கைவிடவில்லை. மூலைத் தூண்களில் வளையங்கள் இடைவெளி விட்டுக் கட்டப்பட்டிருந்தன. அவை நொறுங்கிப்போயின.

இவ்வளையங்களையே நம் கட்டடத் தொழிலாளர் 'ரிங்' என்பர். நெடுக்குக் கம்பிகள் நகராமல் இருப்பதற்காகவே ரிங் கட்டப்படுகிறது என்று பலர் எண்ணுகின்றனர். அதன் பணி அதனினும் பெரிது. தூண் வளையும்போது உள்ளிருக்கும் காங்கிரீட் பிதுங்கி வெளியேற முயலும். நெருக்கமான ரிங், பீப்பாயின் இரும்புப் பட்டையைப் போன்று அதனைப் பிதுங்கவிடாமல் இறுக்கிப் பிடிக்கிறது. பிடி இருக்கும்வரை தூண் விரிசல் கண்டாலும் நிற்கும். பிடி தளர்ந்தால் பொடிந்து உதிரும். இந்தியத் தர நிறுவனம் 1993இல் வெளியிட்ட 13920ஆம் எண் விதிநூல், தூணின் இரு முனைப் பகுதிகளிலும் ரிங்குகளுக்கு இடையே 100 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது என்றும், ரிங்கின் முனைகளை 135 பாகை அளவில் உள்நோக்கி மடக்க வேண்டும் என்றும் கூறியது. வெறும் செங்கோணமாக மடக்கிய முனை, மேற்பூச்சு உதிர்ந்தவுடன் விரிந்துவிடும் என்பதே காரணம். 2001க்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே இந்நூல் இருந்தது. விழுந்த கட்டடங்களின் தூண்களில் இதன்படி கட்டிய ரிங்குகளைக் காண்பது அரிதாயிருந்தது.

குடியிருப்புகள் தந்த பாடங்கள்

1989 அக்டோபர் 17இல் சான் பிரான்சிஸ்கோ நகரின் மரீனா பகுதியில், தரைத்தளத்தில் கார் நிறுத்தும் அறைகளைக் கொண்ட மரச்சட்டக் குடியிருப்புகள் தெருமுனைகளில் சரிந்தன. 1994 ஜனவரி 17 அன்று விடியற்காலை 4.31 மணிக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே நார்த்ரிட்ஜில் நிலம் அதிர்ந்தபோது, மூன்று மாடிகளைக் கொண்ட ஒரே குடியிருப்பில் தரைத்தளத்தில் உறங்கிக்கொண்டிருந்த 16 பேர் மாண்டனர். மேல்மாடிகளில் இருந்தோர் பலர் வெளியேறித் தப்பினர். சரியாக ஓராண்டு கழித்து, 1995 ஜனவரி 17 அன்று ஜப்பானின் கோபே நகரம் அதே பாடத்தைப் பெற்றது. அங்கு மாண்டோர் 6,400க்கும் மேற்பட்டோர். பாடம் எல்லாச் செல்வ நாடுகளுக்கும் பொதுவாயிருந்தது.

துருக்கியின் துயரம் இன்னும் ஆழமானது. 1999 ஆகஸ்ட் 17 அன்று அதிகாலை மூன்று மணியளவில் இஸ்மித் பகுதியில் ஏற்பட்ட நிலநடுக்கம் ஒரு நிமிடத்திற்கும் குறைவான நேரமே நீடித்தது. 17,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றது. கோல்சுக், யலோவா, அதபசாரி ஆகிய ஊர்களில் தெருவை ஒட்டிய அடுக்குமாடிகளின் கீழ்த்தளம் கடைகளாக இருந்தது. கடை முகப்புக்காக அங்கே சுவர் இல்லை. சரக்குகளை அடுக்குவதற்காகக் கீழ்த்தளத்தின் உயரமும் கூடுதலாக இருந்தது. தூணின் உயரம் இருமடங்கானால் அதன் விறைப்பு எட்டில் ஒரு பங்காகக் குறையும் என்பது இயக்கவியல் விதி. உயரம் சிறிது கூடினாலும் இழப்புப் பெரிது. அந்நாட்டில் 1975, 1998 ஆகிய ஆண்டுகளில் நல்ல விதிநூல்கள் வெளிவந்திருந்தன. நூல் அலமாரியில் இருந்தது. காங்கிரீட் வேறுவிதமாக இருந்தது.

2023 பிப்ரவரி 6 அன்று அதிகாலை 4.17 மணிக்கு அதே துருக்கியின் தென்கிழக்கே 7.8 அளவிலான நிலநடுக்கம் நிகழ்ந்தது. துருக்கியில் மட்டும் 53,000க்கும் மேற்பட்டோரும், அண்டையிலுள்ள சிரியாவில் பல ஆயிரவரும் இறந்தனர். இடைப்பட்ட ஆண்டுகளில், விதிமீறிக் கட்டியவற்றைப் பணம் செலுத்தி முறைப்படுத்திக்கொள்ளும் பொதுமன்னிப்பு 2018இல் வழங்கப்பட்டிருந்தது. ஏட்டில் மன்னிக்கப்பட்ட கட்டடத்தை நிலம் மன்னிப்பதில்லை. கீழ்த்தளக் கடையை அகலப்படுத்துவதற்காகத் தூண்களையே வெட்டி எடுத்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட வழக்குகளும் நீதிமன்றம் ஏறின.

நம் நாட்டுக்கும் முன்னெச்சரிக்கை வராமல் இல்லை. 1997 மே 22 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஜபல்பூரில் நடுத்தர அளவிலான நிலநடுக்கம் ஒன்று ஏற்பட்டது. திறந்த தரைத்தளமுடைய கட்டடங்களின் தூண்கள் அங்கே கடுமையாகச் சேதமுற்றன. அருகிலிருந்த, தரைத்தளத்திலும் சுவர்களையுடைய கட்டடங்கள் பெரிதும் பிழைத்தன. அகமதாபாத்துக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே வந்த செய்தி அது. படித்தவர் சிலர்.

விதிநூல் செய்த மாற்றம்

இந்தியாவில் நிலநடுக்கத்தைத் தாங்கும் வடிவமைப்புக்கான 1893ஆம் எண் விதிநூல் முதன்முதலில் 1962இல் வெளிவந்தது. குஜராத் பேரழிவுக்குப் பின்னர் 2002இல் வந்த அதன் திருத்தம், மென்தளம் என்றால் என்ன என்பதை வரையறுத்தது. ஒரு தளத்தின் பக்கவாட்டு விறைப்பு, மேலுள்ள தளத்தினதில் 70 விழுக்காட்டுக்கும் குறைவாக இருப்பின், அல்லது மேலுள்ள மூன்று தளங்களின் சராசரியில் 80 விழுக்காட்டுக்கும் குறைவாக இருப்பின், அது மென்தளம். சுவரையும் கணக்கில் சேர்த்து ஆராய வேண்டும். இல்லையேல் மென்தளத்தின் தூண்களையும் உத்திரங்களையும் வழக்கமான கணக்கில் வரும் விசையைப்போல் இரண்டரை மடங்குக்கு வடிவமைக்க வேண்டும் என்று அது கட்டளையிட்டது. 2016ஆம் ஆண்டுத் திருத்தம், திறந்த தளமுடைய கட்டடங்களில் காங்கிரீட் சுவர்களையோ சாய்வுத் தாங்கிகளையோ அமைப்பதை மேலும் வலியுறுத்தியது.

விதி மட்டும் போதாது. விதியை அறிந்தோர் வேண்டும். இதனை உணர்ந்து, பொறியியல் கல்லூரி ஆசிரியர்களுக்கு நிலநடுக்கப் பொறியியலில் பயிற்சி அளிக்கும் தேசியத் திட்டம் 2003இல் தொடங்கப்பட்டது. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகம், பேராசிரியர் சி.வி.ஆர். மூர்த்தி எழுதிய இருபத்து நான்கு சிறு விளக்கக் கட்டுரைகளைப் பொதுமக்களுக்காக வெளியிட்டது. ஒவ்வொன்றும் இரு பக்கங்களே. அறிவியலை மக்கள் மொழியில் சொல்ல விழையும் தமிழ் மாணவர்க்கு அவை நல்ல முன்மாதிரியாகும்.

நிற்கும் கட்டடங்களுக்கு வழி என்ன?

2001இல் விழாமல் நின்ற திறந்த தரைத்தளக் கட்டடங்கள் பல. அவை வலிமையானவை என்று அதனால் சான்று பெற்றுவிடவில்லை. அவற்றை இடித்துவிட வேண்டும் என்பதும் இல்லை. வலுப்படுத்தும் வழிகள் உண்டு.

முதலாவது, தரைத்தளத்தில் தேர்ந்தெடுத்த சில தூண்களுக்கிடையே அடித்தளத்திலிருந்து காங்கிரீட் சுவர் எழுப்புதல். எல்லா இடைவெளிகளையும் மூட வேண்டியதில்லை. ஊர்திகள் சென்றுவர வழி இருக்கும். ஆனால் சுவர்களைக் கட்டடத்தின் இருபுறமும் சமமாக, நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அமைக்க வேண்டும். ஒருபுறம் மட்டும் அமைத்தால் கட்டடம் முறுக்கிக்கொள்ளும்; நோயினும் மருந்து கொடிதாகிவிடும். இரண்டாவது, தூண்களுக்கிடையே எஃகுச் சட்டங்களைச் சாய்வாகப் பிணைத்தல். இது பரணின் குறுக்குக் கழியே. மூன்றாவது, தூண்களைச் சுற்றிப் புதிய கம்பிகளும் நெருக்கமான ரிங்குகளும் கட்டிக் காங்கிரீட் உறை இடுதல். எதனைச் செய்வதாயினும் கட்டமைப்புப் பொறியியல் வல்லுநரின் ஆய்வுக்குப் பின்னரே செய்தல் வேண்டும்.

இயலுமா என்று ஐயுறுவோர்க்குக் கலிபோர்னியா விடை தருகிறது. சான் பிரான்சிஸ்கோ நகரம் 2013இலும், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் 2015இலும், நலிந்த தரைத்தளமுடைய பழைய மரச்சட்டக் குடியிருப்புகளைக் குறித்த காலத்திற்குள் வலுப்படுத்தியே ஆக வேண்டும் என்று சட்டம் இயற்றின. லாஸ் ஏஞ்சல்சில் மட்டும் ஏறக்குறைய 13,500 கட்டடங்கள் இப்பட்டியலில் இடம்பெற்றன. அவற்றுள் பெரும்பாலானவை வலுப்படுத்தப்பட்டுவிட்டன. நகரம் முனைந்தால் நடக்கும் என்பதற்கு இது சான்று.

நம் பக்கம் திரும்பி நோக்கின்

தமிழகம் கட்ச் அன்று, கலிபோர்னியாவும் அன்று. இங்கே அத்தகைய பேரதிர்ச்சி அடிக்கடி வரும் என்று அச்சுறுத்துவது அறிவுடைமையாகாது. ஆயினும் முற்றிலும் அச்சமற்ற நிலமென்று உறங்கிவிடுவதும் அறிவுடைமையாகாது. 1900ஆம் ஆண்டு பிப்ரவரியில் கோயம்புத்தூர் வட்டாரம் 6 அளவிலான நிலநடுக்கத்தைக் கண்டது. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக் கடலோரத்தில் 5.5 அளவில் ஏற்பட்ட அதிர்வைச் சென்னை மக்கள் நன்கு உணர்ந்தனர். 2002ஆம் ஆண்டு விதிநூல் திருத்தத்தின்போது சென்னை, இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்திற்கு உயர்த்தப்பட்டது. அதே நகரின் தெருக்களில்தான் 'ஸ்டில்ட் பார்க்கிங்' என்னும் திறந்த தரைத்தளத்தோடு அடுக்குமாடி வீடுகள் வரிசையாக எழுந்தன. உயர்த்தப்படுவதற்கு முன் கட்டியவையும் அவற்றுள் உள.

வீடு வாங்கச் செல்லும் நம்மவர் கேட்கும் கேள்விகளை எண்ணிப் பாருங்கள். தண்ணீர் வசதி உண்டா, கார் நிறுத்த இடம் உண்டா, தரைக்குக் கிரானைட்டா டைல்ஸா, பள்ளிவாசலும் பள்ளிக்கூடமும் அருகில் உள்ளனவா என்று கேட்போம். தரைத்தளத் தூண்கள் எந்த விதிநூலின்படி அமைக்கப்பட்டன என்று கேட்பவர் எத்தனை பேர்? கேட்காத ஒன்றை விற்பவர் தாமே முன்வந்து தருவது அரிது. கேட்கக் கற்றுக்கொள்வதே முதற்காவல்.

குடியிருப்போரும் சிலவற்றைத் தவிர்க்க வேண்டும். தரைத்தளத்தில் இருக்கும் சுவரைக் கடைக்காகவோ ஊர்திக்காகவோ வல்லுநரைக் கேளாமல் அகற்றக் கூடாது. குழாய் பதிக்கத் தூணைக் குடைதல் கூடாது. முதலில் திட்டமிடாத மாடியை மேலே ஏற்றுவதும், மொட்டைமாடியில் பெருந்தொட்டிகளைக் கூட்டிக்கொண்டே போவதும் கீழ்த்தளத் தூண்களின் சுமையைக் கூட்டுவனவே.

முடிவுரை

ஒரு ரிங்குக்கும் அடுத்த ரிங்குக்கும் இடையே இருக்க வேண்டிய 100 மில்லிமீட்டர் 200 ஆக ஆனால், கட்டியவருக்குச் சிறிது கம்பி மிச்சம். காங்கிரீட் இறுகிப் பூச்சும் வண்ணமும் ஏறியபின் அதனை எவரும் காண இயலாது. வீட்டை வாங்கியவர் காண இயலாது; அதில் பிறந்து வளரும் குழந்தை காண இயலாது. கடைத்தெருவில் எடைக்கல்லை எடுத்துப் பார்க்கலாம். தூணுக்குள் இருக்கும் அளவை எடுத்துப் பார்க்க முடியாது. அளவிலும் நிறுவையிலும் குறைவு செய்வோரைக் கண்டிக்கும் திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் 'முதஃப்பிஃபீன்' என அவர்களின் பெயராலேயே வழங்குவதை நாம் அறிவோம். தானியத்தில் குறைத்தால் வாங்கியவருக்கு ஒருவேளை உணவு குறையும். தூணில் குறைத்தால் என்ன ஆகும் என்பதை அகமதாபாத்தும் அதபசாரியும் காட்டிவிட்டன.

ஒருவர் தம் வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்துப் பெறும் வீடு, கட்டித் தருபவரிடமும் வரைந்து தருபவரிடமும் ஒப்புதல் வழங்கும் அலுவலரிடமும் ஒப்படைக்கப்பட்ட அமானிதமாகும். இக்கல்லூரியிலிருந்து நாளை வெளியேறும் மாணவருள் பலர் வீடு கட்டுவர். சிலர் வீடு விற்பர். சிலர் உள்ளாட்சிப் பொறுப்புகளில் அமர்வர். பலர் பள்ளிவாசல்களுக்கும் கல்வி நிலையங்களுக்கும் நிர்வாகிகளாவர். தத்தம் இடத்தில் இருந்து, கீழ்த்தளத் தூணைப் பற்றி ஒரு கேள்வி கேட்கும் துணிவை அவர்கள் பெறுவாராயின், இக்கட்டுரை தன் பணியைச் செய்ததாகும். நிலம் எப்போது அசையும் என்பதை இறைவன் ஒருவனே அறிவான். தூணுக்கு எத்தனை ரிங் வேண்டும் என்பதை நாமும் அறிவோம்.